வாத்தியாரே தன் மேல் எழுதச் சொன்ன புகார்

அனுப்புநர்
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அத்தை,
பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு.

பெறுநர்
கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: தமிழ் வாத்தியாரின் இடமாற்றத்தை ரத்து செய்ய வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழ் வாத்தியார் மேல் ஒரு பிள்ளை எழுதிய புகார்த் தாளைப் பார்த்து அவரை மாற்றிவிட்டீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தாளைப் படித்தால் யாருக்கும் மனசு கொதிக்கத்தான் செய்யும். என் அண்ணன் மகள் அப்படி எழுதிவிட்டாள்.

1. ஐயா, அது பாடம். படிக்கிறவர் மனசு மாறும்படி எழுதுவது எப்படி என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். 'ஆகவே', 'இருப்பினும்', 'மறுக்க முடியாத உண்மை' என்று என்னென்னவோ வார்த்தைகள். கற்றதையெல்லாம் பிள்ளை என்னிடம்தான் காட்டுவாள். "அத்தை, இன்னிக்கு நான் பாத்திரம் கழுவக் கூடாதுங்கறதுக்கு மூணு காரணம் இருக்கு" என்று ஆரம்பிப்பாள். கடைசியில் நான்தான் கழுவிக்கொண்டிருப்பேன்.

2. புகார் எழுதிப் பழக ஓர் ஆள் வேண்டுமே. வேறு யார் பெயரை எழுதினாலும் வம்பு. "என் மேலயே எழுதுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாராம் வாத்தியார். இந்த வாரம் புகார், மறுவாரம் அதே பிள்ளை அதற்கு மறுப்பு. இரண்டும் எழுதினால்தான் பாடம் முடியும் என்பது அவர் வழக்கம். புகார்களைச் சுவரில் குத்தி வைத்திருந்தார். மறுப்பு எழுதுவதற்குள் நீங்கள் பார்வையிட வந்துவிட்டீர்கள். அவர் சொன்ன விளக்கம் உங்களுக்குச் சாக்காகத் தெரிந்துவிட்டது.

3. வெயிலில் நிற்க வைக்கிறார் என்று அவள் எழுதியது நிஜம்தான். குரல் வாசல்வரை கேட்க வேண்டும் என்று மைதானத்தில் பேச வைப்பார். அவரும் கூடவேதான் நிற்பார். அதை மட்டும் பிள்ளை எழுதாமல் விட்டுவிட்டாள்.

4. நீங்கள் தாளை மடித்துப் பையில் வைத்தபோது பரிசு வரும் என்று நினைத்தாளாம், பாவம். வந்தது மாற்றல் உத்தரவு. வாத்தியார் யாரையும் திட்டவில்லை. "பாதிப் பாடம் பாக்கி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

5. இப்போது பிள்ளை பேனாவையே தொடுவதில்லை. பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். "நீயே அதிகாரிக்கு எழுதேன்டி" என்றேன். "நான் எதை எழுதினாலும் நம்பிடுறாங்க அத்தை, பயமா இருக்கு" என்று அழுகிறாள். அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன். எனக்கு அந்த வார்த்தைகள் வராது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், ஒரு சொல்லும் பொய் இல்லை.

தயவுசெய்து வாத்தியாரை இங்கேயே திருப்பி அனுப்புங்கள். அந்த மறுவாரப் பாடம் நடக்கட்டும். உங்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கும் ஐயா.

இடம்: எங்கள் வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் அத்தை
(கையொப்பம்)

கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது ஐயா. உங்களிடம் இருக்கும் அந்தத் தாளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சுவருக்குப் போகும் முன் வீட்டில் காட்டினாள், மதிப்பெண் குறைந்துவிட்டதென்று ஒரே அழுகை. வாத்தியார் பின்பக்கம் சிவப்பு மையில் பத்துக்கு ஐந்து போட்டு, 'இதை யாரும் நம்பமாட்டார்கள்' என்று எழுதியிருக்கிறார்.