முக்கோணத்துக்குள் உன் பெயர்

மச்சான்,

இன்று காலை அலுவலகத்தில் புது வரைபடம் ஒன்றைத் தொடங்கினேன். திரையின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் வடிவங்களில் இருந்து மஞ்சள் முக்கோணத்தை இழுத்துப் போட்டதும் கை நின்றுவிட்டது. சரக்கு எங்கே சும்மா காத்துக் கிடக்கிறதோ அங்கே வைக்கிற முக்கோணம். அதைப் பார்த்தால் உன் முகம்தான் வருகிறது.

2008 கோடையில் காடாம்புலியூரில் உன் முந்திரிக் கொட்டகை திணறிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை லோடு பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பண்ருட்டி வியாபாரி சொல்லிவிட்டார். அவர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். கடலூர் தொழிற்சாலையில் நான் வேல்யூ ஸ்ட்ரீம் மேப், அதாவது சரக்கு எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று காட்டும் படம், வரைகிறவன் என்று உன் தங்கை சொல்லியிருப்பாள் போல. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"தோல் உரிக்கிறவுங்களுக்குக் கை ஓடவே மாட்டேங்குது மச்சான். அத அப்படியே படமா போட்டுக் குடு. பெருசா பிரிண்ட் எடுத்துச் செவுத்துல ஒட்டுறேன். பாத்தாவது ரோஷம் வரட்டும்."

மடிக்கணினியோடு வந்தேன். கொட்டையை அவிப்பது, உடைப்பது, காயவைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது, டின்னில் அடைப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, நடுவில் அம்புகள். அடியில் வேலை நடந்த நேரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் ஏறி இறங்கும் ஒரு கோடு. வரைய வரைய விஷயம் வேறாக இருந்தது. பெண்கள் அன்றன்றைக்கு உரித்து முடித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் பருப்பு கூடையில் தூங்குகிறது. முழுசு, பாதி, குருணை என்று பிரிப்பதை நீ யார் கையிலும் விட்டதில்லை. நீயோ பேங்குக்குக் கடலூர், பேச்சுவார்த்தைக்குப் பண்ருட்டி என்று சுற்றிக்கொண்டிருப்பாய். நீ வந்து உட்காரும்வரை எல்லாம் அப்படியே கிடக்கும்.

அந்த இடத்தில் முக்கோணத்தை வைத்து, 'தரம் பிரிப்புக்குக் காத்திருப்பு' என்று பட்டும் படாமலும் எழுதினேன். நீ மகா கோபக்காரன். மடிக்கணினி இன்றோடு போச்சு என்றுதான் நினைத்தேன்.

"யாருக்காவ காத்திருக்குது? எம் பேர எழுது."

"வேணாம் மச்சான். செவுத்துல ஒட்டப் போறது."

"அவுங்க பேரா இருந்தா எழுதியிருப்பல்ல? எழுது."

எழுதினேன். நீ அதை ஒட்டி, எல்லாரையும் கூப்பிட்டு, "லேட்டு என்னாலதான். இத்தினி நாளா உங்களத் திட்டிக்கினு இருந்தன்" என்றாய். தோல் உரிக்கிறவர்களில் உன்னிடம் எப்போதும் எதிர்த்துப் பேசுகிற செல்விதான் வாயைத் திறந்தாள்.

"அப்ப இனிமே யாருண்ணா பிரிக்கிறது?"

"நீதான்."

அவள் பிரித்த முதல் லோடு ஏறியபோது ஒரு டின்னையாவது திறந்து பார்க்க உன் கை துறுதுறுத்தது. தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாய். லாரி நேரத்துக்குக் கிளம்பியது. வியாபாரி ஒரு குறையும் சொல்லவில்லை, அடுத்த ஆர்டரையும் உனக்கே கொடுத்தார். எத்தனையோ மேலாளர்களுக்கு இந்தப் படத்தை வரைந்து கொடுத்திருக்கிறேன் மச்சான். தன் பெயரை எழுதச் சொன்னவன் நீ ஒருவன்தான். அன்று உன்மேல் வந்த மதிப்பு இன்றுவரை குறையவில்லை.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுதான் லோடு போக வேண்டிய நாள். நான் நிறுத்தச் சொன்னேன். செல்வி அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் இருந்தா தனக்காவ நிக்க வுடுவாரா?" என்று கேட்டாள். உன் தெருமுனை வழியாகத்தான் லாரி போனது. உனக்காக அது நிற்கவில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

இன்று காலை என்னோடு வேலை செய்யும் பெண் கேட்டாள், "சார், இந்த முக்கோணத்துல என்ன எழுதட்டும்?" என் கையெழுத்துக்காக மேசையில் குவிந்து கிடந்த கோப்புகளை ஒருமுறை பார்த்தேன்.

என் பெயரை எழுதச் சொன்னேன், மச்சான்.