இரண்டு பாட்டில் குளுக்கோஸ்

9.3.2009, திங்கள்

காலை ஒன்பதுக்கே நல்ல வெயில். மேகமலைப் பக்கம் கொஞ்சம் மேகம், அதுவும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. புதன்கிழமையிலிருந்து கல்லூரியில் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் செய்முறைத் தேர்வு. மூன்று நாள், மூன்று பேட்ச், பேட்சுக்குப் பன்னிரண்டு பேர்.

முடிந்தவை: பெனடிக்ட் கரைசல் (சர்க்கரை அளக்கும் நீலம்) 4 லிட்டர். சோடியம் கார்பனேட் பொட்டலம் நாற்பது. பியூரெட் எல்லாம் குரோமிக் அமிலத்தில் கழுவியாயிற்று (ஏழாம் நம்பர் இன்னும் சொட்டுகிறது, ஒதுக்கி வைத்தேன்).

முடியாதவை: காய்ச்சி வடித்த தண்ணீர். மின்வெட்டு இரண்டு மணி நேரம், தண்ணீர் வடிக்கும் மெஷின் சும்மா நிற்கிறது. பாண்டியம்மாள் அக்காவைக் காலை ஆறரைக்கே வந்து போட்டுவிடச் சொன்னேன். அட்டெண்டர் வேலைக்கு ஆறரை என்று எந்த ஆர்டரில் எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சரி என்றார்.

குளுக்கோஸ் பழைய பாட்டிலில் மூன்று கிராம்கூட இல்லை. அதில் இரண்டு கிராம் நிறுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஸ்டாண்டர்டு கரைசல் போட்டுவிட்டேன். மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டிய, அளவு சொல்லாத கரைசலுக்கு மதுரையிலிருந்து வந்த புது பாட்டிலின் சீலை உடைத்தேன். 10 கிராம், ஒரு லிட்டர். பளிச்சென்று வெள்ளை. பழையது கட்டி கட்டியாக இருந்தது, இது மணல் மாதிரி உதிர்கிறது. சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் கீரைக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் அப்படியே சாப்பிட்டார். ஊறுகாய் பாட்டில் மட்டும் பக்கத்தில் வந்திருந்தது.

10.3.2009, செவ்வாய்

தண்ணீர் 20 லிட்டர் தேறிவிட்டது. நிம்மதி.

நாளைக்கான பட்டியல் எழுதிக் கவரில் போட்டு ஒட்டினேன். பதிவெண் வரிசைப்படி முதல் பெண்ணுக்கு 16 மி.லி., அடுத்தவளுக்கு 17, அப்படியே 21 வரை. ஏழாவது ஆளுக்குத் திரும்ப 16. ஒரு மி.லி.யில் 10 மி.கி. குளுக்கோஸ். மூன்றாம் ஆளுக்கு 18 மி.லி. என்றால் 180 மி.கி. என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் இந்த ஸ்டோர் ரூமில் இருந்தவர் சொல்லிக்கொடுத்த வரிசை இது. பதினான்கு வருஷமாகக் கை தானாகவே எழுதுகிறது.

பாப்பாவுக்குப் பிளஸ் டூ தேர்வு நடக்கிறது. நான் இங்கே யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குப் பியூரெட் துடைக்கிறேன். அவளுக்குப் பென்சில் சீவிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை என்று காலையில் மனசுக்குள் ஒரு குத்தல். பென்சில் சீவுகிற வயதா அவளுக்கு.

11.3.2009, புதன்

முதல் பேட்ச். மதுரையிலிருந்து வெளித் தேர்வாளர் ஒன்பதரைக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல், அதிகம் பேசாதவர். டீ வேண்டாம், வெந்நீர் போதும் என்றார்.

பெண்கள் காலிக் குடுவையில் நம்பர் ஒட்டித் தட்டில் வைத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அளந்து ஊற்றிக் கொடுத்தேன். பன்னிரண்டு அடுப்பும் எரியும்போது மின்விசிறி போடக் கூடாது, சுடர் ஆடும். எல்லாருக்கும் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வேர்வை. கொதிக்கிற கரைசலில் நீலம் போய் வெள்ளையாகிற அந்த ஒரு நொடிக்காகக் குனிந்தே நின்றார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான் அது.

மூன்று மணிக்கு வெளித் தேர்வாளர் விடைகளைப் பட்டியலோடு ஒப்பிட்டார். பதினொரு பேருக்குக் குறைவு. கொஞ்ச நஞ்சமில்லை, ஒன்பது சதவீதம். இரண்டு சதவீதத்துக்குள் பிழை இருந்தால்தான் முழு மார்க். ஒன்பது என்றால் அடிமட்டம். பாஸ் ஆகாது, அடுத்த வருஷம் திரும்ப எழுத வேண்டும்.

ஒரே ஒருத்திக்குச் சரி. மகேஸ்வரி, கடமலைக்குண்டுப் பெண், இந்தப் பேட்சில் ஹாஸ்டலில் தங்கியிருப்பவள் அவள் ஒருத்திதான். 180க்கு 180.2.

வெளித் தேர்வாளர் துறைத் தலைவர் பிரேமா மேடத்திடம், பிள்ளைகளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்று மட்டும் சொன்னார். மார்க்கை நாளைக்குப் போடுகிறேன் என்று தாள்களைக் கட்டி வைத்தார். மேடம் முகத்தை நான் பார்க்கவில்லை.

பதினொரு பேரும் ஒரே அளவுக்குத் தப்பாகச் செய்வார்களா? கை தப்பென்றால் ஒருத்திக்குக் கூடும், ஒருத்திக்குக் குறையும். ஆனால் ஒருத்திக்குச் சரியாக வந்திருக்கிறதே. அப்படியானால் கரைசல் சரிதான். சரிதானா?

பஸ்ஸில் இதே. சோறு இறங்கவில்லை.

12.3.2009, வியாழன்

விழிப்பு வரும்போதே தெரிந்துவிட்டது. மணல் மாதிரி உதிர்ந்தது நினைவுக்கு வந்தது.

முதல் பஸ். பாண்டியம்மாள் அக்கா கதவைத் திறந்துகொண்டிருந்தார். நேரே போய்ப் புது பாட்டிலை எடுத்து லேபிளைப் படித்தேன். குளுக்கோஸ் என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில், மோனோஹைட்ரேட். ஒவ்வொரு மூலக்கூறோடும் தண்ணீர் ஒன்று ஒட்டிக்கொண்ட வகை. பத்து கிராம் நிறுத்தால் ஒன்பது கிராமும் சொச்சமும்தான் சர்க்கரை, மீதி தண்ணீர். பழைய பாட்டில் தண்ணீர் இல்லாத வகை. இரண்டுக்கும் ஒரே பாட்டிலை எடுத்திருந்தால் பிழை தானே அடிபட்டுப் போயிருக்கும். ஸ்டாண்டர்டுக்கு அது, தேர்வுக்கு இது என்று எடுத்தது நான். 180 இல்லை, 163.6.

பதினொரு பேர் கையும் சரி. என் கைதான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது நிம்மதி, பிள்ளைகள் தப்புச் செய்யவில்லை என்று. பயம் அதற்குப் பிறகுதான். என் வேலை இன்னும் நிர்வாகத்தின் கையில்தான், நிரந்தர ஆர்டர் வரவில்லை.

பிரேமா மேடத்திடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

“சாந்தி, இத அவர்ட்ட போய் நீ சொல்ல வேணாம். இன்னைக்குப் புதுசாப் போட்டுக் குடு. நேத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லி நான் பேசிக்கிறேன். எல்லாம் பாஸாகிரும்.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், தெரிகிறது. ஆனால் பார்த்துப் போட்டால் பாஸ் மட்டும்தான் வரும். முழு மார்க் வாங்கிய கைக்குப் பிச்சை மார்க். முடியாது மேடம் என்றேன். அவரிடம் இந்த வார்த்தையை இதுவரை சொன்னதில்லை.

வெளித் தேர்வாளர் முன்னால் இரண்டு பாட்டிலையும் வைத்தேன். லேபிளைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, படித்தார். தாளில் அவரே கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“பல வருசமா எக்ஸ்டர்னலாப் போறேம்மா. பிள்ளைக கை சரியில்லைன்னு சொல்லுவாக, அடுப்பு சரியில்லைன்னு சொல்லுவாக. நான் போட்ட கரைசல் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.”

திட்டப் போகிறார் என்று நின்றேன். புது மதிப்பு வைத்து எல்லாத் தாளையும் திருத்த ஆரம்பித்துவிட்டார். பதினொரு பேரும் இரண்டு சதவீதத்துக்குள். நாலு பேர் அரை சதவீதத்துக்குள். பிரேமா மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

பன்னிரண்டாவது தாளில் பேனா நின்றது. மகேஸ்வரியின் 180.2 இப்போது பத்து சதவீதம் தப்பு.

“இந்தப் பொண்ணு கரைசல அளக்கலம்மா. உங்களத்தான் அளந்திருக்கு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. பாண்டியம்மாள் அக்காவுக்குப் புரிந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஹாஸ்டல்ல எல்லாத்துக்கும் தெரியுமே தாயி. பெரிய பிள்ளைக சின்ன பிள்ளைகளுக்குச் சொல்லிட்டுப் போகுதுக. முத ஆளுக்குப் பதினாறு, மூணாவது ஆளுக்குப் பதினெட்டுன்னு. ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது.”

பதினான்கு வருஷம். கவரை ஒட்டி, கதவைச் சாத்தி, என்ன காவல்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். பியூரெட் அளவு 11.1 என்று எழுதியிருக்கிறாள் (சர்க்கரை குறையக் குறைய இது கூடும்). அதற்கு மேலே மூன்று தடவை 12.2, 12.2, 12.2. மூன்றையும் அடித்திருக்கிறாள். 12.2க்குக் கணக்குப் போட்டால் 163.9. பேட்சிலேயே திருத்தமான விடை அதுதான்.

வரிசையை மாற்றாதது என் தப்பு என்பதையும் வெளித் தேர்வாளரிடம் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு. அடித்ததைத் திருத்த விதியில் இடமில்லை என்றார். அப்புறம், நாளைக்கு யாராவது வரவில்லையா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பேட்சில் ஒருத்திக்கு அம்மை போட்டிருக்கிறது, இடம் காலி. கரைசலில் குறை இருந்ததால் மறுதேர்வு என்று மேடமும் அவரும் கையெழுத்துப் போட்டார்கள். கீழே நானும் போட்டேன். தப்புக்குப் போட்ட கையெழுத்து, ஆனால் இவ்வளவு லேசாக எதிலும் போட்டதில்லை.

இன்றைய பேட்சுக்குப் பத்துக்குப் பதில் 11 கிராம் நிறுத்துப் போட்டேன். அளவுகளைக் கலைத்து எழுதினேன். எல்லாம் சரியாக வந்தது. ஹாஸ்டல் பெண்கள் இரண்டு பேர் மட்டும் நடுவில் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு தட்டு சோறு. இவர், “இன்னைக்கு உப்பு இருக்கு” என்றார்.

13.3.2009, வெள்ளி

மகேஸ்வரி எட்டரைக்கே ஸ்டோர் ரூம் வாசலில். கண் வீங்கியிருந்தது. தன்னை மாட்டிவிட்டது நான் என்று நினைத்திருப்பாள் போல, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

“எனக்குப் பன்னெண்டு புள்ளி ரெண்டுதான்க்கா வந்துச்சு. மூணு தடவையும் அதான் வந்துச்சு. அக்காமாரு சொன்ன பதினெட்டுக்குப் பதினொன்னு புள்ளி ஒன்னு வரணும். எங் கைதான் ஆகாதுன்னு அடிச்சுட்டேன்.”

கரைசல் போட்டதில் தப்பு என்னுடையது என்றேன். நம்பவில்லை. லேப்பில் இருப்பவர்கள் தப்புப் போடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பாட்டில் இரண்டையும் காட்டினேன். நிமிர்ந்து லேபிளைப் படித்தாள்.

“அப்ப நான் செஞ்சது சரியாக்கா?”

“சரி. நீ அடிச்சதுதான் சரி.”

அதற்குத்தான் அழுதாள். அவள் அம்மா பஞ்சுக்கு இலவங்காய் உடைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். இது போனால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று நேற்று முழுக்க யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வா, குடுவையை நன்றாக அலசு, பதற்றத்தில் பியூரெட் மூக்கில் காற்றுக் குமிழி விட்டுவிடாதே என்றேன். தலையை ஆட்டினாள்.

அவள் குடுவைக்கு எவ்வளவு ஊற்றுவது என்று யோசித்தேன். முழு எண் வேண்டாம். 17.4 மி.லி. எழுதிக் கவரில் போட்டு வெளித் தேர்வாளரிடமே கொடுத்துவிட்டேன்.

நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று தட்டுக் கழுவினேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினேன். பாண்டியம்மாள் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து, “சாமி கும்பிடுற மாதிரி நிக்கிது அங்கன” என்றார்.

மூன்று மணி. வெளித் தேர்வாளர் கவரைப் பிரித்தார். அவள் விடை 173.9. பட்டியலில் 174.

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். பிரேமா மேடம் முதல் தடவையாக என் தோளில் கை வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வெளித் தேர்வாளர் கிளம்பும்போது வாசலில் நின்று, ஊருக்குப் போய் அவர் லேப்பிலும் பாட்டில்களைப் படித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வேடிக்கையா நிஜமா தெரியவில்லை.

14.3.2009, சனி

ஏழு மணி வரை தூங்கினேன். எத்தனை வருஷம் ஆயிற்று.

அரை நாள் வேலை. லேப் காலி. புது பாட்டிலில் லேபிளுக்கு மேலே பெரிய எழுத்தில் ‘தண்ணீர் உள்ளது, 11 கிராம் எடு’ என்று எழுதி ஒட்டினேன். பாப்பாவுக்குத் திங்கள் வேதியியல் பரீட்சை, வேதிச் சமன்பாடு ஒன்று சந்தேகம் என்றாளாம். மாலை உட்கார வேண்டும்.

மகேஸ்வரி ஹாஸ்டல் பையோடு வந்தாள், ஊருக்குப் போகிறாளாம். மார்க் என்ன என்று கேட்டாள். ரிசல்ட் வரும் வரை நான் சொல்லக் கூடாது என்றேன். சரிக்கா என்று போனவள் கேட் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“நேத்து பியூரெட்ல பதினொன்னரை வந்துச்சுக்கா. மூணு தடவையும்.”

“சரி, போய்ட்டு வா.”

“அது சரின்னு எனக்குத் தெரியும்க்கா. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”