அட்மின் வூட்டு வாசல்

ஜூலை 28

மன்னித்துக்கொள் டைரி, இந்நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன். தர்ஷி இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா சுபாஷ் அவளுக்கும் முன்னால்.

காலையில் எங்கள் நைனார்பாளையம் அங்கன்வாடி பூட்டியிருந்தது. ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. பூட்டைப் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன்: "இன்னிக்கு லீவா? யாருக்காவது தெரியுமா?" பதிலாக மூன்று ரோஜாப்பூ, ஒரு காலை வணக்கம், ஒரு கட்சிக்காரர் பிறந்தநாள் வாழ்த்து. வாழ்த்துக்கு மட்டும் வரிசையாகக் கும்பிடு.

அடுத்த திங்கள் சின்னசேலம் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். எம்.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு இத்தனை நாள் இட்லிதான் எண்ணினேன். தர்ஷியை விட்டுவிட்டுப் போக அங்கன்வாடியைத் தவிர வேறு இடமில்லை. மூடிவிட்டார்களோ?

ஜூலை 30

இன்றும் பூட்டு.

ஜூலை 31

ஐயோ. சங்கராபுரம் சித்தி ஒரு ஃபார்வர்ட் அனுப்பினார். "அதிர்ச்சி! நைனார்பாளையம் அங்கன்வாடிக்கு நிரந்தரப் பூட்டு!" கூடவே ஒரு படம். யாரோ அழுதுகொண்டே பேசும் குரல் வேறு. அவ்வளவுதான், என் வேலை போச்சு. தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு நானும் அழுதேன்.

சுபாஷ் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். "ஏ ப்ரியா, மூலையில இன்னா அது? நம்ம பாப்பா செருப்பா?"

ஆமாம். ரோஸ் செருப்பு, கால் மாற்றிப் போட்டது. நான் எடுத்த படம். நான் கேட்ட கேள்வி ஊர் சுற்றிவிட்டு எனக்கே செய்தியாக வந்திருக்கிறது, நானும் நம்பியிருக்கிறேன். எம்.எஸ்ஸி.!

ஆகஸ்ட் 1

குழுவில் ஒரே சண்டை. மூடியது இந்தக் கட்சியா, அந்தக் கட்சியா. மூடினார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "போட்டோ என்னுடையது" என்று எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன்.

சாயங்காலம், குழுவை ஆரம்பித்த ரீசார்ஜ் கடை மாயவன் அண்ணன், "இனிமே நீங்களாச்சு, உங்க கட்சியாச்சு" என்று குரல் பதிவு போட்டுவிட்டு வெளியேறினார். அட்மின் போனால் வாட்ஸப்பே வேறொருவரை அட்மின் ஆக்கிவிடுமாம். இருநூறு பேரில் அது பிடித்தது யாரை?

என்னை.

ஆகஸ்ட் 2

தர்ஷி போனில் எதையோ அமுக்கியிருக்கிறாள். இனி அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியுமாம். இது தெரியாமல் வாசல் தெளிக்கப் போனால் எதிர்வீட்டு ராஜாங்கம் மாமா நிற்கிறார், கையில் ஒரு செம்பருத்தி.

"காலை வணக்கம் மருமவளே."

"சொல்லுங்க மாமா, இன்னா விஷயம்?"

"அவ்ளோதான். தெனம் குரூப்புல போடுவேன். இன்னிக்குப் போவல. போடலன்னா மனசு ஒரு மாதிரியா கீது. ரோஜா கெடைக்கல, இத வெச்சிக்க."

பிறகு வரிசையாக வந்தார்கள். ஒரு கட்சிக்காரர் வந்து "அட்மினம்மா, அவன குரூப்ப வுட்டுத் தூக்கிடு" என்றார். அந்த அவனும் வந்து அதையே சொன்னார். இருவருக்கும் ஒரே சொம்பில் டீ. என் மாமியார் ஆள் வர வர நாற்காலி கடன் வாங்கிக்கொண்டிருந்தார். களையெடுக்கப் போகிற பெரியம்மாள் கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டார். "எனக்கு செல்லு ஏதும்மா? இப்பதான் ஊர் சேதி எனக்கும் தெரியுது. தெனம் இப்டியே பண்ணு."

மத்தியானமே எப்படித் திறப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன். திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? கொஞ்சம் நன்றாக இருந்தது, அதான்.

ஆகஸ்ட் 3

அங்கன்வாடி மணிமொழி டீச்சர் பையோடு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வெள்ளிமலையில அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி. ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் போனேன். பதிலுக்கு ஆள் போடல, அதான் பூட்டு. மலையில டவரும் இல்ல. பஸ்ஸ வுட்டு எறங்கினா, 'டீச்சர், உன் வேல போச்சாமே'ன்னு டீக்கடையில என்னையே கேக்குறாங்க! குரூப்புல சொல்லலாம்னா ஊர் வாயவே கட்டி வெச்சிக்கினு கீறீங்க!"

வாசல் நிறைய ஆள். சொல்லிவிட்டேன்: "அந்தப் போட்டோ நான் எடுத்ததுதாங்க."

"அப்ப நான் முப்பது பேருக்கு அனுப்பினது?" என்றார் ராஜாங்கம் மாமா.

"அதுவும் என்னுதுதான் மாமா."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூடல, பயப்படாத. நாளைக்குப் பாப்பாவ அனுப்பு. ஆனா கூரை ஒழுவுது. பெரிய மழை வந்தா நெஜமாவே மூட வேண்டியதுதான். அத மூணு தடவ போட்டோ புடிச்சு குரூப்புல போட்டேன். பாத்தீங்களா?"

ரோஜாவுக்குக் கீழே எங்கேயோ இருந்திருக்கும். கட்சிக்காரர்கள் இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் தரையைப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 11

வேலைக்குப் போய் ஒரு வாரம். தர்ஷி அங்கன்வாடியில் வாளியில் விழும் சொட்டுகளை எண்ணுகிறாள். ஆறுக்கு அப்புறம் ஒன்பது.

குழுவை அன்றைக்கே திறந்துவிட்டேன். ராஜாங்கம் மாமா மட்டும் இன்னும் வாசலுக்கே வருகிறார். மாயவன் அண்ணன் திரும்பி வந்து அட்மின் பதவியைக் கேட்டார். "பதினாறாம் தேதி தரேண்ணா" என்றேன். நானா அப்படிச் சொன்னேன்?

குழுவில் போடப்போவதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இதை அழிக்கப்போவதில்லை.

"பதினைந்தாம் தேதி கிராம சபை. அங்கன்வாடி ஒழுகுகிறது, இது வதந்தி இல்லை, வந்து தலையை நீட்டிப் பாருங்கள். கூரைக்குத் தீர்மானம் போட ஆள் வேண்டும். போன சபையில் ஆளைவிட பிஸ்கட் ஜாஸ்தி. போன் இல்லாத பெரியம்மாள் வருவதாகச் சொல்லிவிட்டார். நீங்கள்? ரோஜா வேண்டாம், கும்பிடு வேண்டாம். வரேன், இல்லை வரல, ஏதாவது ஒன்று. சீக்கிரம் பதில் போடுங்க."