காய்ச்சல் இல்லாத நெற்றி

மச்சான், இன்று ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக் கேட்டுக்கு பெயின்ட் அடித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே, அனகாபுத்தூர் ஆற்றங்கரையில் நீ சிவப்பு பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. நீ இறந்து ஐந்து வருடமாகிறது. உன்னிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது.

ஆற்று ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்போகிற வீடுகளின் சுவரில் எண் எழுதுவதுதான் ஆபீசில் நம் இருவருக்கும் கொடுத்த வேலை. முதல் வீட்டுக்காரப் பெண் சுவரை ஈரத்துணியால் துடைத்தே வைத்திருந்தாள்.

"பட்டா குடுக்கத்தான எழுதிகினு போறீங்க அண்ணா? பெருசாவே எழுதுங்க."

"இல்லம்மா, இடிக்க" என்றாய். பிரஷ்ஷை நீ தொடவில்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிடிக்காத வேலை வந்தால் நம் ஆபீசில் எல்லாரும் மெடிக்கல் லீவு போடுவதுதானே வழக்கம்? கேட்டால் காய்ச்சல் என்று எழுதித் தருகிற டாக்டரும் தாம்பரத்தில் இருந்தார். வா போகலாம் என்றேன்.

"ஒடம்பு நல்லாத்தான் கீது மச்சான். மனசுதான் ஒத்துக்கல. அத்த எந்த டாக்டரு எழுதுவாரு?"

"அப்ப நாலு வூட்ட உட்டுட்டு எழுது. எவன் பாக்கறான்?"

"ஒளிஞ்சு பண்ணா அது பயம். நேராவே சொல்லிடறேன், எழுத மாட்டேன்னு. அவங்க இன்னா பண்ணணுமோ பண்ணட்டும்."

சொன்னபடியே, எண் போட மாட்டேன் என்று ஆபீசில் கடிதமாகவே கொடுத்தாய். சஸ்பெண்ட் ஆர்டரை மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய். பெரிய தியாகின்னு நினைப்பு என்று கேன்டீனில் உன்னைக் கிண்டலடித்தேன். எண்களை எல்லாம் நான்தான் எழுதினேன். எண் விழாமல் ஒரு வீடும் தப்பவில்லை. பிறகு எதற்காக இந்த அடம் என்று அப்போதே உன்னிடம் கேட்டேன். "வூடு நிக்குமான்னு தெரியாது. என் கை எழுதாது, அது தெரியும்" என்றாய். அது போதுமா மச்சான்? நானும் டப்பாவைக் கீழே வைத்திருந்தால், எனக்கு அடுத்து வந்தவனும் வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

இடித்த அன்று நான் காய்ச்சல் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். நீயோ அங்கே போய் அந்தப் பெண்ணின் பாத்திரங்களைத் தூக்கி வெளியே வைத்திருக்கிறாய். சாயங்காலம் ஒரு மிஸ்டு கால். எட்டிப் பார்த்தால், சட்டையெல்லாம் புழுதியாக, கையில் பிரெட் பாக்கெட்டோடு வாசலில் நீ.

"காய்ச்சல் எப்பிடி கீது?" என்று நெற்றியில் கை வைத்தாய். நெற்றி ஜில்லென்றிருந்தது. "பால்ல நனைச்சு சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

அது கிண்டலா, பாசமா? அதைத்தான் கேட்காமல் விட்டேன்.

இன்று பெயின்டர் என்னிடம் பிரஷ்ஷை நீட்டினார். "கேட்டுல வீட்டு நம்பரை நீங்களே எழுதுங்க சார். அழகா எழுதுவீங்களாமே?"

வேண்டாம் என்றேன்.

"ஏன் சார், கை வலியா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.