முன் ரயர்கள் இரண்டு

ஏப்ரல் 12, 2025
மகள் ஆதிரை தன் காருக்குச் சில்லுகளைத் தெரிவு செய்துவிட்டாள். சிவப்புப் பூசிய இரும்புச் சில்லு நான்கு, நடுவில் சின்ன வெள்ளி மூடி. முன்னுக்குச் சிறிய ரயர், பின்னுக்குப் பெரியது. ஐம்பதுகளில் அமெரிக்க இளைஞர்கள் பழைய காரின் கூரையை வெட்டி, பெரிய எஞ்சின் பூட்டி ஓடினார்களாம். மகள் வாங்கியிருப்பது அப்படி ஒன்று. ரயரும் அந்தக் காலத்துக் குறுக்கு இழை ரயராக இருக்க வேண்டுமாம். பாய் பின்னியது போல உள்ளே நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும். மழையில் பிடிப்புக் குறைவு.

"ஓடரை நீங்கள் போடுங்கோ அப்பா. எனக்கு வேலை. இந்த முறை உங்களை நம்பித் தாறன்."

இந்த முறை. பதினேழு வயதில் கார் மெக்கானிக் அவுஸ்பில்டுங்குக்கு, அந்தத் தொழிற்பயிற்சிக்கு, எழுதிய விண்ணப்பத்தைத் தபாலில் போடச் சொல்லித் தந்தாள். நான் அலுமாரியில் வைத்தேன். அப்போதும் பயம்தான்.

ஏப்ரல் 15
மழை. நெடுஞ்சாலையில் லொறிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகின்றன.

ஏப்ரல் 16
ஓடர் போட்டேன். பின்னுக்கு அவள் சொன்னதே, அந்த அளவில் வேறு வகை இல்லை. முன்னுக்கு மட்டும் இக்காலத்து ரேடியல், மழையில் பிடிப்புக் கூடியது – பார்வைக்குப் பழையது போலச் செய்தது. காரைத் திருப்புவது முன்சில்லுதானே? பாதியாவது பாதுகாப்பு. அவளுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 30
கடையில் சில்லுகளுக்கு ரயர் பூட்டியவர், நாலும் ஒரே காருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன்? மகளுக்குப் போன் அடித்துக் கேட்பாரோ என்ற பயம்.
மாலையில் அவளே சில்லுகளைக் காரில் பூட்டினாள். ரயரில் உள்ள எழுத்தை வாசிக்கவில்லை. என்னை நம்பினாள்.

மே 9
"மழைக்க ஒரு வளைவில பின்பக்கம் வால் ஆட்டிச்சு அப்பா." சிரிக்கிறாள்! ஞாயிறு கார்ல்ஸ்ரூஹேக்கு, பழைய கார்க்காரரின் சந்திப்புக்கு, ஓடப் போகிறாள்.
முன் ரயரோடு வந்த தாளைத் தேடி எடுத்தேன். 'ஒரே காரில் இரு வகையையும் கலக்கக் கூடாது.' முழுக் கேள்வியையும் வாசி என்று முப்பது வருடம் வாத்தியாராகப் பிள்ளைகளுக்குச் சொன்னவன், வாசிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.
கண்ணுக்குள் ஒரு படம்: இரண்டு பேர் ஒரு மேசையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் திரும்புகிறார்கள். முன்னவருக்குச் சப்பாத்து, பின்னவருக்குச் சொக்ஸ். முன்னவர் சட்டென்று திரும்பினால் பின்னவர் எங்கே போவார்?
ஐயோ, என்ர பிள்ளை அந்த மேசையில எல்லோ இருக்கிறாள்.

மே 10
சொன்னால் இனி என்னை நம்புவாளா? மனைவி யோகத்திடம் சொன்னேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதையும் அலுமாரிக்க வைக்கப் போறியளே? எழும்புங்கோ."
போய்ச் சொன்னேன். ஆதிரை முன் ரயரடியில் குந்தி எழுத்தை வாசித்தாள்.
"பயமெண்டா வாயைத் திறக்கலாம்தானே அப்பா?"
பிறகு ஜாக்கியை எடுத்து வந்தாள்.

மே 11
கார் முன்சில்லு இல்லாமல் கட்டையில் நிற்கிறது. கார்ல்ஸ்ரூஹே இல்லை. புது ரயருக்கு அவளே ஓடர் போட்டாள்.

மே 28
இரண்டு ரயர் வந்தன. பெட்டியில் அவள் பெயர்.

ஜூன் 15
எர்லாங்கனில் இன்னொரு சந்திப்பு. புறப்படுமுன் கூப்பிட்டாள்.
"நாலையும் வாசியுங்கோ சேர்."
முழங்காலில் நின்று ஒவ்வொன்றாக உரத்து வாசித்தேன். நாலும் குறுக்கு இழை. "மழையெண்டா மெல்லப் போ. எனக்குப் பயமாயிருக்கு" என்றேன். "ஓம்" என்றாள்.
போய்ச் சேர்ந்ததும் எழுது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு அவளாகவே அனுப்பியிருந்தாள்:
'வந்திட்டன். நாலு சில்லும் என்னோடயே வந்திட்டுது.'