மேல்மாடி சாமி, கீழ்மாடி சாமி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் உங்கள் பெண் வாலுவும் நலமாக இருப்பீர்கள். அம்மாவை இந்த வரியில் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பட்டென்று வைத்துவிடுவாய், அப்புறம் மாமா இரண்டு பக்கமும் சமாதானம் பேசி அலைவார். அதனால்தான் மெயில். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தச்சரை வரவேண்டாம் என்று சொல். வியாழக்கிழமை அவர் வந்து அம்மா அறையில் இருக்கும் சாமி அலமாரியைக் கழற்றப்போகிறார் என்றாய். அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போடவேண்டும் என்பதும் தெரியும். கட்டிலை எங்கே போடுவது என்பதற்குக் கீழே வழி சொல்கிறேன். அலமாரி இருக்கட்டும். அதில் இருக்கிற ஆளும் இருக்கட்டும்.

"அம்மாவே மறந்தாச்சு, இனிமே அது வெறும் கல்லு, தூக்கிப் பரண்ல போடு" என்று ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொன்னேன். உன் தம்பி ஒரே நொடியில் முடிவு சொல்லிவிட்டான் என்று மாமா பாராட்டியதாகவும் சொன்னாய். அவரிடம் சொல்லிவிடு, அந்த முடிவு வாபஸ். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. உனக்குத் தெரியும், குழம்பினால் எனக்கு எரிச்சல்தான் வரும். இரண்டு நாளாக இங்கே யாரும் என் பக்கமே வருவதில்லை.

மியூசியத்தில் என் வேலை என்ன என்று நீ கேட்கும்போதெல்லாம் "ஏசி மெக்கானிக்" என்று சொல்லி முடித்துவிடுவேன். ஏறக்குறைய அதுதான். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஈரம், சூடு, வெளிச்சம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பார்ப்பது, பொருள்களைச் சேதமில்லாமல் நகர்த்துவது, எது எங்கே இருக்கிறது என்று கணினியில் வைத்திருப்பது. கட்டடத்தில் இரண்டு பெரிய கூடங்கள். மேல்மாடியில் "சமயங்கள்". கீழ்மாடியில் "தொன்மக் கதைகள்". மேலே இருக்கிற சாமிகளை இன்றைக்கும் எங்கேயோ யாரோ கும்பிடுகிறார்கள். கீழே இருப்பவர்களைக் கும்பிட்டவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படித்தான் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கள் கைவேலையிலும் இருக்கிறது. மேல்மாடிச் சிலையைப் படுக்கவைக்கக் கூடாது. முகத்தில் பிளாஸ்டிக் சுற்றக் கூடாது. நகர்த்துவதற்கு முன்னால் அந்தச் சமயத்துக்காரர்களுக்குத் தகவல் சொல்லவேண்டும். கீழ்மாடிக்கு ஒன்றும் கிடையாது. பபிள் ராப்பில் சுற்று, தள்ளுவண்டியில் படுக்கப்போடு, தள்ளிக்கொண்டு போ.

இந்த வாரம் கீழ்மாடியின் ஏசி குழாய்களை மாற்றுகிறார்கள். பாதிக் கூடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, அங்கே உள்ளதையெல்லாம் கிடங்குக்கு அனுப்பும் பொறுப்பு எனக்கு. பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் எரிச்சல் ஆரம்பித்தது. இரண்டு மாடி என்றால் எது எங்கே போகும் என்பதற்கு ஒரு விதி இருக்கவேண்டும் அல்லவா? எங்கேயும் எழுதிவைக்கவில்லை. துறைத் தலைவியிடம் போய்க் கேட்டேன். கீழேயும் ஒருத்தர் செத்துப் பிழைத்திருக்கிறார், மேலேயும் ஒருத்தர் பிழைத்திருக்கிறார். கீழேயும் மிருகம் பேசுகிறது, மேலேயும் பேசுகிறது. எதைப் பார்த்து ஒருத்தரை மாடி ஏற்றுகிறீர்கள் என்றேன். அவர் பேனாவைக் கூடக் கீழே வைக்காமல், "மேல இருக்கறவங்களுக்காகச் சண்டை போட ஆள் இருக்கு தம்பி. லேபிள்ல ஒரு வரி தப்பா எழுதினா மறுநாளே மொட்டைக் கடுதாசி வரும். கீழ இருக்கறவங்களுக்கு யாரு இருக்கா?" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னதை நான் விதியாக்கிவிட்டேன். உயிரோடு ஒரே ஒரு பக்தர் இருந்தாலும் மேல். யாருமே இல்லையென்றால் கீழ். கணினியில் ஒரு கட்டம் போட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் எதையும் சேமிக்க முடியாதபடி செய்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் இருந்தது.

கீழ்மாடியில் ஒரு கடல்தாய் இருக்கிறாள். மரச்சிலை, இடுப்பு உயரம், தலையில் ஒரு பறவை, இடது கை முழங்கையோடு போய்விட்டது. ஏதோ தீவுக்காரர்களின் தெய்வம். அந்த ஜனங்கள் ஊர் ஊராகச் சிதறி, பாஷையும் போய்விட்டது என்று லேபிளில் இருக்கிறது. தலை கனம், அடி குறுகல். நிற்கவைத்துத் தள்ளினால் கவிழும். நானே ஃபோம் வெட்டி, அச்சு எடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்தேன். பின்னால், கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "யாருப்பா இவங்கள மல்லாக்கப் போட்டது?"

பஸ் டிரைவர் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண்மணி. மாமா வயது இருக்கும். கையில் டிபன் பாக்ஸ். எங்கள் வாசலில்தான் அவர் பஸ் கடைசியாக நிற்கும், திரும்பக் கிளம்பும்வரை உள்ளே வந்து சுற்றுவாராம். நான்தான் என்றேன். "எழுப்பு" என்றார். நான் ஈர்ப்பு மையம் பற்றி விளக்க ஆரம்பித்தேன். "உன் மையத்த நீயே வெச்சுக்க. எங்க வீட்டுல இவங்க படுக்கவே மாட்டாங்க. ஆளுங்க கடல்ல இருக்கும்போது இவங்க படுத்துட்டா யாரு பாத்துக்கறது?" என்றார்.

அக்கா, எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். விதி வேலை செய்கிறது, உயிரோடு ஒரு பக்தர் கிடைத்துவிட்டார்! நீங்கள் இவங்களைக் கும்பிடுவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானா? எங்க அண்ணன் படகோட போனான், திரும்பி வரல. அன்னையிலேருந்து இவங்களோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது."

அப்படியென்றால் நம்பிக்கை போய்விட்டதா என்றேன். "கோவம்னு சொல்றேன், நீ நம்பிக்கைங்கற. காது அடைச்சிருக்கா?" என்றார். பேச்சே இல்லையென்றால் இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். நான் கேட்டது துடுக்குதான். டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றார்.

அந்த உடைந்த கையைப் பற்றி லேபிளில் ஒரு கதை இருக்கிறது. பசித்து வந்த பெரிய மீன் படகைத் தின்றுவிடாமல் இருக்க, கடல்தாய் தன் கையையே வெட்டிக் கொடுத்தாளாம். அதை அவருக்குச் சொன்னேன். "அப்படியா? எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல. உங்க ஆளுங்க கீழ போட்டு உடைச்சிட்டாங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

கதை முழுக்கத் தெரிந்த துறைத் தலைவிக்கு அந்தச் சிலையோடு எந்தத் தகராறும் இல்லை. கதையே தெரியாத பஸ்காரம்மா அதோடு சண்டையில் இருக்கிறார். இப்போது நான் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது? தலைவியிடம் போய்ச் சொன்னேன். ஒருத்தரை வைத்து ஒரு சமயம் ஆகாது, அதுவும் அவரே கும்பிடமாட்டேன் என்கிறார் என்றார். நான் விடவில்லை. கதையோடு யாராவது கோபித்துக்கொள்வார்களா, கோபம் இருந்தால் எதிரில் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். "கோவத்துக்குன்னு தனி மாடி கட்ட பட்ஜெட் இல்ல தம்பி, போய் வேலையப் பாரு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

சாமி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அதில் மாற்றமில்லை, நீ உடனே மாமாவைக் கூப்பிட்டு ஆனந்தக் கண்ணீர் விடாதே. கடல்தாய் இருந்திருந்தால் அந்த அண்ணன் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதற்கப்புறமும் பஸ்காரம்மா சண்டையை முடித்துக்கொள்ளவில்லை. இல்லாத ஒருத்தியோடு இவ்வளவு வருஷம் எப்படிச் சண்டை போடமுடியும்? எனக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் நம் வீட்டு அலமாரி ஞாபகம் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா அந்த அம்மன் சாமியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாளே, நினைவிருக்கிறதா? "கண்ணு இருந்தா இப்படிப் பண்ணுவியா? போ, சுவத்தையே பாத்துக்கிட்டு இரு" என்று திட்டினாள். அப்பா போனபிறகும் திருப்பவில்லை. ஆனால் ஒருநாள்கூட விளக்கேற்றாமல் இருந்ததில்லை. சாமியின் முதுகுக்கு விளக்கு! அதைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சமையலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வாலு நல்லபடியாகப் பிறந்தாள் என்று போன் வந்த அன்றைக்குத்தான் அம்மா அதைத் திருப்பினாள். என்னம்மா, சமாதானமா என்று கேட்டேன். "அவளும் பாவம், எத்தன நாள்தான் சுவத்தையே பாப்பா" என்றாள்.

நீ என்ன எழுதியிருந்தாய்? அம்மா இப்போதெல்லாம் அந்தச் சாமியைப் பார்த்து "இவங்க யாரு? லட்சணமா இருக்காங்களே, யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்கிறாள். நீ கதை சொன்னால் "அப்புறம்? அப்புறம்?" என்று குழந்தை மாதிரிக் கேட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறாள். திட்டுவதே இல்லை, ரொம்ப மரியாதையாக இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அது நல்லது என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி உனக்கு முழுசாகத் தெரியாத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீ மருந்து எடுக்க உள்ளே போனாயே, அப்போது அம்மா என்னிடம் பேசினாள். "சாப்பிட்டீங்களா தம்பி? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாள். நான் ஏதோ சொன்னேன். நான் லைனில் இருக்கும்போதே உன்னைக் கூப்பிட்டு, "யாரோ பேசறாரும்மா, நல்ல மனுஷன், ரொம்பத் தன்மையாப் பேசறாரு" என்றாள். நீ வந்து வாங்கினாய். அலமாரியை என்ன செய்வது என்று கேட்டாய். பரணில் போடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னைத் தன்மையானவன் என்று இதுவரை யாராவது சொல்லியிருக்கிறார்களா, நீயே சொல்.

கட்டில் விஷயம். ஜன்னலோரம் நீளவாக்கில் போடு. மாமாவின் எழுத்து மேஜையைக் கூடத்துக்கு எடுத்துவிட்டால் தாராளமாகப் போகும். நீ அனுப்பிய அளவுகளை வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். படுத்தபடியே பார்த்தால் அலமாரி அம்மாவின் கண்ணுக்கு நேரே வரும். விளக்குத் தீ பயம் என்றால் பேட்டரி விளக்கு ஒன்று வாங்கி அனுப்புகிறேன். அதற்குச் சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசிக்கொள்ளட்டும்.

கடல்தாயை நேற்றே நிமிர்த்திவிட்டேன். அடியில் அகலப் பலகை அடித்து, இரண்டு பக்கமும் பட்டையால் கட்டியிருக்கிறேன், தூணோரமாக நிற்கிறாள். இன்றைக்குப் பஸ்காரம்மா வந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பார்வை. "ம்" என்றார். சிலையிடம் ஒன்றும் பேசவில்லை, என்னிடமும்தான். கணினியில் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே வைத்திருக்கிறேன். திறக்கும்போதெல்லாம் சிவப்பாகப் பிழை காட்டுகிறது. என் வேலையில் சிவப்பு வந்தால் நான் சாப்பிடக்கூடப் போகமாட்டேன் என்று உனக்குத் தெரியும். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அம்மாவுக்கு நீ கதை சொல்லும்போது, அந்தச் சாமி செய்த நல்லதையெல்லாம் மட்டும் சொல்லாதே. அப்பா விஷயத்தில் கைவிட்டதையும் சொல். சுவர்ப்பக்கம் திருப்பியதைச் சொல். வேண்டுமானால் ஒருநாள் நீயே திருப்பி வைத்துவிட்டு, அம்மா என்ன செய்கிறாள் என்று பார்.

அப்படியே என் கதையையும் ஒன்று சொல். படிப்பு, உத்தியோகம், அனுப்புகிற பணம், அதெல்லாம் வேண்டாம். அவளுடைய புதுத் தையல் மெஷினைக் கழற்றி மோட்டாரை எடுத்து நான் ஃபேன் செய்தேனே, அதைச் சொல். ஒரு வாரம் என்னோடு பேசாமல், மூன்று வேளையும் தட்டை மட்டும் நங்கென்று கொண்டுவந்து வைத்தாளே, அதைச் சொல். பாதி தைத்த உன் பாவாடை அந்த மெஷினிலேயே கிடந்ததையும் விடாதே. அதற்குத்தான் அவளுக்கு அதிகக் கோபம்.

"அப்புறம்?" என்று கேட்டால் சொல்லிக்கொண்டே இரு. கேட்காமல் முகம் சுருங்கினால், எந்த நேரமானாலும் சரி, எனக்குப் போன் போட்டு அம்மா காதில் வை. நான் ஒன்றும் பேசமாட்டேன். எனக்கு ஒரே ஒரு திட்டு வாங்கிக் கொடு அக்கா.

இப்படிக்கு,
தையல் மெஷினைக் கழற்றிய உருப்படாதவன்