வடக்கே போன முறுக்கு

ஏப்ரல் 13, ஞாயிறு இரவு, டூங்கபி

இந்நாட்டின் வடகோடியில், பழங்குடியினர் குடியிருப்பொன்றில் நர்ஸாக இருக்கும் மகளுக்கான புத்தாண்டு முறுக்கை, அதற்கடுத்த குடியிருப்பின் பள்ளிக்கு வேலைக்குப் போன வாத்தியார் செல்வத்திடம் என் மனைவி கொடுத்தனுப்பினாள். "ரெண்டும் வடக்குதானே, குடுத்துடுவார்."

இரண்டுக்கும் இடையே வானில் அரைமணி தூரம்தான்; ஆனால் டார்வின் நகருக்குத் திரும்பித்தான் விமானம் மாற வேண்டும், சாலையோ மழைநீருக்கடியில் என்று வரைபடத்தை விரித்து ஒரு வாரம் விளக்கினேன்.

இன்று மாலை மகள் அழைத்தாள்.

"முறுக்கு வந்துடுச்சும்மா. செல்வம் சார் அவங்க ஊரு ஃபுட்பால் டீம்கிட்ட குடுத்துவிட்டிருக்கார். மேட்சுக்குத் தனி ப்ளேன் புடிச்சு நேரா இங்க வந்தாங்க. கோச் மடியிலயே வெச்சிருந்தாராம். ஒண்ணுகூட உடையல."

மனைவி, மேசையில் விரித்தபடி கிடந்த வரைபடத்தின்மேல் எனக்கொரு தட்டு வைத்தாள். அதில், அனுப்பத் தகுதியில்லை என்று ஒதுக்கிய முறுக்கு உடைசல்கள். வரைபடத்தின் வடக்கு முழுவதும் தூளில் மறையும் வரை உதிர்த்துத் தின்றேன். நன்றாகவே இருந்தன.